மனித இயல்பை ஆராய்ந்த மாமேதை அல்பிரூனி

பவானி நகரத்துக் கூடுதுறையில் நின்று நோக்குவோர் இரண்டு ஆறுகள் ஒன்றாய்க் கலக்கும் காட்சியைக் காண்பர். நீலமலையில் தோன்றிச் சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் வட்டாரங்களை வளப்படுத்தி வரும் பவானி ஒருபுறம். குடகு மலையில் தோன்றி மேட்டூரைக் கடந்து வரும் காவிரி மறுபுறம். ஆற்றோரத்தில் உருண்டு திரண்டு கிடக்கும் கற்களை நாம் எத்தனையோ முறை மிதித்துக் கடந்திருக்கின்றோம். அந்தக் கல் எவ்வாறு உருண்டை வடிவம் பெற்றது என்று ஒரு கணமேனும் நின்று எண்ணியிருப்போமா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அறிஞர் எண்ணினார். வட இந்திய மண்ணை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் உருண்டைக் கற்கள் கிடைப்பதை அவர் கவனித்தார். நீரின் வேகம் மிகுந்த மலையடிவாரத்தில் அவை பெரும் பாறைகளாக இருந்தன. மலையை விட்டு விலக விலகச் சிறுத்தன. ஆறுகள் வேகம் தணிந்து கடலை நெருங்கும் இடத்தில் பொடி மணலாயின. இவற்றைக் கொண்டு, அப்பெருஞ் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் சுமந்து வந்த வண்டலால் சிறுகச் சிறுகத் தூர்ந்து நிலமாயிற்று என்ற முடிவுக்கு வந்தார். இமயத்திலிருந்து இறங்கும் ஆறுகளின் வண்டலே அச்சமவெளியை உருவாக்கியது என்பதை இன்றைய மண்ணியல் அறிஞரும் ஏற்பர்.

அந்த அறிஞரே அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி (ரஹ்) ஆவார். நிலத்தை நோக்கிய அதே கண்ணால் அன்னார் மனிதனையும் நோக்கினார். ஒரு சமுதாயத்தின் வழக்கங்களும் நம்பிக்கைகளும் எங்ஙனம் படிந்து உருவாயின, மனித உள்ளம் எல்லா நாடுகளிலும் எவ்வாறு ஒரே வகையாகத் தடுமாறுகின்றது என்பவற்றை அவர் ஆராய்ந்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த களம் நம் இந்திய நாடே என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹிஜ்ரி 362-ஆம் ஆண்டு துல்ஹஜ் பிறை 3, அதாவது கி.பி. 973 செப்டம்பர் 4 அன்று, ஆரல் கடலுக்குத் தெற்கே அமைந்த குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரையடுத்த புறநகரில் அன்னார் பிறந்தார். பிரூன் என்ற பாரசீகச் சொல்லுக்கு வெளிப்புறம் என்பது பொருள். புறநகரத்தார் என்னும் பொருளிலேயே அவருக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. அந்த வட்டாரம் இன்று உஸ்பெக்கிஸ்தான் நாட்டில் உள்ளது. அங்குள்ள ஓர் ஊர் இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் இப்னு இராக் அவருடைய உஸ்தாதாக வாய்த்தார். பதினேழு வயதிலேயே சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கணித்தார் அல்பிரூனி. இளமையில் அவருக்குக் கிடைத்த அமைதி நீடிக்கவில்லை. கி.பி. 995-இல் ஆட்சி கவிழ்ந்தது. அவரை ஆதரித்த அரச குடும்பம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது.

இந்த அலைச்சலுக்கு இடையிலும் அவருடைய ஆய்வு நிற்கவில்லை. கி.பி. 997 மே 24-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலும், அபுல் வஃபா என்னும் பேரறிஞர் பக்தாதிலும் ஒரே இரவில் நோக்கினர். இரு ஊர்களிலும் கிரகணம் நிகழ்ந்த நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு அவ்விரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், பலநூறு கல் தொலைவில் இருந்த இரு அறிஞர்கள் முன்கூட்டியே பேசி வைத்து ஒரே நிலவை நோக்கிய அந்த ஒற்றுமை போற்றத்தக்கது.

வறுமை கற்பித்த பாடம்

ரய் நகரில் அவர் வறுமையில் உழன்ற காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தாமே எழுதி வைத்துள்ளார். அங்கிருந்த ஒரு சோதிடருடன் விவாதம் எழுந்தது. அறிவில் குறைந்த அம்மனிதர் அல்பிரூனியின் சொல்லை ஏளனம் செய்து தள்ளினார். காரணம், இவர் ஏழை, அவர் செல்வர். பின்னர் அல்பிரூனியின் நிலைமை ஓரளவு சீர்பட்டது. அதே மனிதர் நண்பராக நெருங்கி வந்தார். சொல்லின் தகுதியைச் சொல்பவனின் சட்டையைப் பார்த்து எடைபோடுவது மனித இயல்பு என்பதை அவர் நூல்களில் கற்கவில்லை. தம் வாழ்விலேயே கண்டறிந்தார்.

பின்னர் ஜுர்ஜான் நாட்டு மன்னர் காபூஸின் ஆதரவில், கி.பி. 1000-ஐ ஒட்டி, அல் ஆஸாருல் பாக்கியா என்னும் பெருநூலை இயற்றினார். பாரசீகர், யூதர், கிறித்தவர், சுக்தியர், குவாரிஸ்மியர், அறியாமைக் காலத்து அரபியர், முஸ்லிம்கள் எனப் பல மக்களின் ஆண்டுக் கணக்குகளையும் பண்டிகைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த நூல் அது. ஒவ்வொரு மக்களும் காலத்தைத் தத்தம் முறையில் பகுத்தனர்; ஆயின் காலத்தைப் பகுக்காத மக்கள் எவருமில்லை. வேற்றுமைக்குள் பொதுமையைத் தேடும் அவருடைய நோக்கு இந்நூலிலேயே வெளிப்படுகின்றது.

கஜ்னிக்குக் கொண்டு செல்லப்படுதல்

தாயகம் திரும்பி குவாரிஸ்ம் மன்னரின் ஆலோசகராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். கி.பி. 1017-இல் கஜ்னி சுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றினார். வென்ற பொருள்களோடு அறிஞர்களையும் சுல்தான் தம் தலைநகருக்குக் கொண்டு சென்றார். அவர்களுள் அல்பிரூனியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

மறு ஆண்டு காபூலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் அவர் இருந்தபோது கையில் ஆய்வுக் கருவி ஏதும் இல்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, பாகை குறித்து, நூற்குண்டைத் தொங்கவிட்டு, அதனையே கருவியாகக் கொண்டு சூரியனை அளந்தார். ஊர்களின் இருப்பிடத்தைக் கணித்து, அதன் வழியே கஜ்னி நகரின் கிப்லாத் திசையை நிறுவும் நூலை கி.பி. 1025-இல் முடித்தார். தற்போது பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையருகே, ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இன்றைய அளவுக்கு அது மிக நெருங்கியதாகும்.

நாற்பதுக்குப் பின் ஓர் அயல்மொழி

அவருடைய வாழ்வின் பெரும்பணி இனிமேல்தான் தொடங்குகின்றது. இந்திய மக்களை அறிய வேண்டுமெனில் அவர்தம் மொழியை அறிய வேண்டும் என்று துணிந்தார். நாற்பதைக் கடந்த வயதில் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். அரபு நாவுக்கு எட்டாத ஒலிகள் பல. ஒரு சொல்லை மிகக் கவனமாக எழுதி வைத்துக்கொண்டு திரும்ப உச்சரித்தால், சொல்லிக் கொடுத்தவர்க்கே அது புரியாமல் போயிற்று. நூல்களைப் படி எடுத்தோரின் கவனக்குறைவு மற்றொரு தடை. அனைத்தையும் செய்யுளாகவே எழுதி வைக்கும் மரபு இன்னொரு தடை.

முதலில் பண்டிதர்களிடம் மாணவராக அமர்ந்தார். சில காலம் சென்றபின் கணித உண்மைகளுக்குரிய காரணங்களை அவர் விளக்க, பண்டிதர்கள் வியந்து சூழ்ந்தனர். எந்த இந்திய ஆசானிடம் இவற்றைக் கற்றீர் என்று அவரையே வினவினர். பதஞ்சலியின் யோக நூலையும் சாங்கிய நூல் ஒன்றையும் அரபு மொழியில் ஆக்கினார். மறுபுறம் யூக்ளிடின் வடிவ கணிதத்தையும் தாலமியின் வானநூலையும் சமஸ்கிருதத்தில் ஆக்கித் தரும் பணியிலும் ஈடுபட்டார். கொள்வதோடு நில்லாது கொடுக்கவும் எண்ணிய உள்ளம் அது.

இவ்வுழைப்பின் கனியே தஹ்கீக் மா லில் ஹிந்த் என்னும் நூலாகும். எண்பது இயல்கள் கொண்ட இந்நூல் கி.பி. 1030-இல், சுல்தான் மஹ்மூது மறைந்த அதே ஆண்டில், நிறைவெய்தியது. தமிழகத்தில் அக்காலத்தே முதலாம் இராசேந்திர சோழன் ஆட்சி புரிந்து வந்தான். அல்பிரூனி தென்னாட்டுக்கு வந்தவரல்லர். பெஷாவர், லாகூர், முல்தான் போன்ற ஊர்களுக்கு அப்பால் தாம் செல்லவில்லை என்று அவரே நேர்மையுடன் கூறிவிட்டார். எனினும் கேட்டறிந்த வகையில் இராமேசுவரத்தையும் சேதுவையும் குறிப்பிடுகின்றார். இந்திய எழுத்து வகைகளை எண்ணும்போது கன்னட, ஆந்திர எழுத்துகளோடு திராவிட எழுத்தையும் சேர்த்தே எண்ணுகின்றார்.

பொய் பிறக்கும் இடங்கள்

காதால் கேட்டது கண்ணால் கண்டதற்கு ஈடாகாது என்ற கருத்துடனேயே அவர் தம் நூலைத் தொடங்குகின்றார். பின்னர், செய்தி சொல்வோர் ஏன் பொய் சொல்லுகின்றனர் என ஆராய்கின்றார். தனக்கும் தன் இனத்துக்கும் ஆதாயம் தேடிப் பொய் சொல்பவன் ஒருவன். பகைத்த கூட்டத்தாரை இழிவுபடுத்தப் பொய் சொல்பவன் மற்றொருவன். விரும்பிய கூட்டத்தாரை உயர்த்தப் பொய் சொல்பவனும் உளன். இயல்பிலேயே கீழ்மை படைத்தவன் வேறொருவன். இவர்களையன்றி, தான் கேட்ட பொய்யை உண்மையென நம்பி அறியாமையால் பரப்புபவனும் இருக்கின்றான். இவன் ஒருவனே பெருங்கூட்டமாகப் பெருகுகின்றான் என்பதை நம் அன்றாட வாழ்விலும் காண்கின்றோம்.

அபூ ஸஹ்ல் என்னும் உஸ்தாதோடு அவர் உரையாடிக் கொண்டிருந்தபோது, பிற மதத்தவரின் கொள்கைகளை நம்மவர் எழுதும் முறை பற்றிப் பேச்செழுந்தது. முஸ்லிம்களுக்குள்ளேயே ஒரு பிரிவாரின் கொள்கையை மறு பிரிவார் திரித்து எழுதும்போது, தொலைவிலுள்ள இந்தியரைப் பற்றி எழுதியவை எவ்வாறு இருக்கும்? பெரும்பாலானவை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவையே. எனவே உள்ளதை உள்ளவாறு எழுதுமாறு அந்த உஸ்தாது வேண்டினார். தம் நூல் வாதப்போருக்குரிய நூலன்று; இந்துக்களின் கூற்றை அவர்கள் கூறியவாறே எடுத்துரைத்து, அதனை ஒத்த கிரேக்கரின் கூற்றையும் அருகில் வைத்துக் காட்டும் நூல் என்று அல்பிரூனி தெளிவுபடுத்தினார். தம் ஈமானில் அணுவளவும் தளராத அவர், பிறர் நம்பிக்கையைத் திரிப்பது தம் நம்பிக்கைக்குச் செய்யும் தொண்டு அன்று என்பதை உணர்ந்திருந்தார்.

அயலாரை இகழும் பொது நோய்

இரு சமுதாயத்தாரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதற்குரிய காரணங்களை அவர் வரிசைப்படுத்துகின்றார். மொழி வேறு, மார்க்கம் வேறு, நடையுடை பாவனை வேறு, படையெடுப்புகள் விளைத்த பகை வேறு, தம்மை விஞ்சியோர் இலர் என்னும் தற்பெருமை வேறு. இவற்றுள் படையெடுப்பைப் பற்றி எழுதும்போது அவர் எவர்க்கும் அஞ்சவில்லை. சுல்தான் மஹ்மூதின் படைகளால் அந்நாட்டின் வளம் சிதைந்தது. மக்கள் தூசு போல் சிதறினர். அவர்தம் கலைகள் காஷ்மீர், காசி முதலிய எட்டாத இடங்களுக்கு ஒதுங்கின. முஸ்லிம்கள் மீது ஆழ்ந்த வெறுப்பும் வளர்ந்தது என்று எழுதினார். அச்சுல்தானின் தலைநகரிலேயே, அவருடைய மகனின் ஆட்சிக்கு அடங்கி வாழ்ந்த ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது.

நம்மைக் காட்டித் தம் பிள்ளைகளை அவர்கள் பயமுறுத்துகின்றனர் என்றும், நம் உடையையும் பழக்கங்களையும் அருவருக்கின்றனர் என்றும் அவர் எழுதுகின்றார். வேறொருவராயின் இந்த இடத்தில் சினங்கொண்டு நிறுத்தியிருப்பார். அல்பிரூனியோ நீதியின் பொருட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் எனத் தொடர்கின்றார். அயலாரை இழிவாகக் கருதும் இக்குணம் இந்துக்களிடம் மட்டும் உள்ளதன்று, நம்மிடமும் உண்டு, உலகத்து மக்கள் எல்லாரிடமும் உண்டு என்று கூறுகின்றார். குற்றத்தைப் பிறரிடம் காணும் கணத்திலேயே அதனைத் தம்மிடமும் தேடிய இப்பண்பே அவரைப் பிற பயண நூலாசிரியரினின்றும் உயர்த்துகின்றது.

வழக்கங்களைப் பற்றி அவர் கூறுவதும் சிந்திக்கத்தக்கது. இந்தியர் நூலின் பெயரை முடிவில் எழுதுகின்றனர்; நால்வர் கூடிச் சதுரங்கம் ஆடுகின்றனர்; முக்கியமான காரியங்களில் பெண்களின் ஆலோசனையைக் கேட்கின்றனர் எனப் பலவற்றைக் குறித்துச் செல்கின்றார். ஒரு செயல் விந்தையாகத் தோன்றுவதற்குக் காரணம் அச்செயலில் இல்லை. நாம் அதனை அடிக்கடி காணாமையே காரணம் என்பது அவர் முடிவு. திருமண முறைகளில் அவர் ஏற்காதவை பல இருந்தன. அவற்றைச் சொல்லுமிடத்து, இஸ்லாத்துக்கு முந்திய அரபியரிடமும் அத்தகைய முறைகேடுகள் இருந்ததை மறைக்காமல் கூறி, அவற்றை ஒழித்த மார்க்கத்துக்கு நன்றி செலுத்துகின்றார்.

உருவத்தை நாடும் உள்ளம்

ஒவ்வொரு சமுதாயத்திலும் கற்றோர் ஒரு வகையாகவும் பாமரர் மற்றொரு வகையாகவும் சிந்திக்கின்றனர் என்பது அவர் கண்ட மற்றோர் உண்மை. கற்றோர் உருவமற்ற கருத்துகளை அறிவால் பற்றுவர். பாமர உள்ளமோ கண்ணுக்குப் புலனாகும் பொருளையே நாடும். இந்தியப் பெருமக்களுள் கற்றோர் ஒரே இறைவனைப் பற்றி உயர்ந்த கருத்துடையவராக இருப்பதை அவர்களுடைய நூல்களைக் கொண்டே அவர் எடுத்துக் காட்டினார். சிலை வழிபாடு தோன்றிய வரலாற்றையும் ஆராய்ந்தார். போற்றப்பட்ட பெரியோரின் நினைவுக்காக முதலில் உருவங்கள் எழுந்தன. தலைமுறைகள் கழியக் காரணம் மறந்து போயிற்று. வழக்கம் மட்டும் எஞ்சி நின்றது. இதையே கிரேக்கரிடமும் பிறரிடமும் கண்டார். நம்மவரில் கல்லாத ஒருவருக்குக் கஅபாவின் படத்தைக் காட்டினாலும், நேரில் கண்டது போன்ற பூரிப்பில் அதனை முத்தமிட விரைவார் என்றும் அவர் சுட்டுகின்றார். குறை இனத்தைச் சார்ந்ததன்று. மனித உள்ளத்தின் பொது அமைப்பைச் சார்ந்தது என்பதே இதன் கருத்து.

கற்றோரையும் அவர் விட்டு வைக்கவில்லை. கிரகணம் நிழலால் நேர்வது என்பதை நன்கறிந்த வானநூல் வல்லுநர் பிரம்மகுப்தர், இராகு விழுங்குகிறான் என்ற மக்கள் நம்பிக்கைக்கு இணங்கி எழுதியதை எடுத்துக்காட்டி வருந்துகின்றார். மக்கட் கூட்டத்தை எதிர்த்த சாக்ரடீசுக்கு நேர்ந்த கதியை எண்ணி அவர் அஞ்சியிருக்கலாம் என்று காரணமும் கற்பிக்கின்றார். உண்மை அறிந்தோர் கூட்டத்துக்கு அஞ்சி வாய் மூடுவது எந்நாட்டுக்கும் உரிய நோயன்றோ!

நெசவாளரைப் பற்றிய குறிப்பு

பவானியில் வாழும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒரு பகுதி அந்நூலில் உண்டு. நால்வகை வருணத்தாரைப் பற்றிக் கூறியபின், அவற்றுள் சேர்க்கப்படாமல் ஊருக்கு வெளியே குடியிருக்கும் எட்டுத் தொழிலாளரை அவர் பட்டியலிடுகின்றார். வண்ணார், செருப்புத் தைப்போர், வித்தை காட்டுவோர், கூடையும் கேடயமும் பின்னுவோர், படகோட்டிகள், மீனவர், வேட்டையாடுவோர், நெசவாளர் என்போரே அந்த எண்மர். இவர்களுள்ளும் வண்ணார், செருப்புத் தைப்போர், நெசவாளர் ஆகிய மூவரோடு மற்ற ஐவரும் மணவுறவு கொள்வதில்லை. உலகத்தாரின் மானத்தை மறைக்கும் ஆடையை நெய்தளித்தவன் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டான்!

இதனை எழுதிய அல்பிரூனி இந்தியரை மட்டும் குறை கூறவில்லை. பழைய பாரசீக மன்னரும் மக்களை வகுப்புகளாகப் பிரித்து வைத்ததை நினைவூட்டுகின்றார். ஆட்சியின் ஒழுங்குக்காக வகுக்கப்பட்டது நாளடைவில் பிறப்பின் விதியாகக் கெட்டிப்பட்டது. இறையச்சம் ஒன்றைத் தவிர வேறெதனாலும் ஒருவர் மற்றவரை விட உயர்ந்தவரல்லர் என்னும் நம் கொள்கையே, இரு சமுதாயத்தாரையும் பிரித்து நிறுத்தும் மிகப் பெரிய தடை என்றும் அவர் உரைத்தார்.

ஆனால் நாம் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மதரஸாக்களில் ஓதப்படும் ஹனஃபி சட்ட நூல்களில், மணமக்களின் நிகர்ப் பொருத்தத்தைக் கூறும் கஃபாஅத் பாடம் உண்டு. தொழிலாலும் பொருத்தம் பார்க்கப்படும் என்று கூறி, நெசவாளரையும் தோல் பதனிடுவோரையும் தாழ்ந்த தொழிலினராக எண்ணும் கருத்து அங்கே பதிவாகியுள்ளது. நிறுத்தப்பட்டவன் அங்கேயும் அதே நெசவாளனே! ஆயினும் அதே நூல்களில் வேறு கருத்தும் இருக்கின்றது. தொழில் உடம்போடு ஒட்டிப் பிறந்ததன்று. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறலாம். எனவே அதனைக் கொண்டு ஒருவரை எடை போடலாகாது என்பது அது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைத் தொட்டு இரு வகை அறிவிப்பும் வந்துள்ளது. கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டுச் சட்ட மேதை இப்னுல் ஹுமாம் (ரஹ்), இஸ்கந்தரிய்யா நகரில் நெசவுத் தொழிலுக்கு நன்மதிப்பு இருப்பதால் அங்கு நெசவாளர் நறுமணப் பொருள் வணிகருக்கு நிகரானவரே என்று எழுதினார். அப்படியாயின் தாழ்வு தறியில் இல்லை. ஊராரின் பார்வையிலேயே இருந்தது என்பது விளங்கவில்லையா? குழித்தறியில் அமர்ந்து நெய்த ஜமக்காளத்தால் தன் பெயரை நாடெங்கும் பரப்பி, புவிசார் குறியீடும் பெற்ற இப்பவானி நகரம் இஸ்கந்தரிய்யாவுக்கு எவ்வகையில் குறைந்தது? பெண் கொடுக்கும் நேரத்தில் மட்டும் தொழிலையும் தெருவையும் விசாரிக்கும் வீடுகள் நம்மில் இன்றும் இல்லையென எவரும் கூற இயலாது. அல்பிரூனி நம் ஊருக்கு வந்திருந்தால் அதனையும் எழுதியிருப்பார்.

வரம்புள்ள உலகம்

உயிர்களின் பெருக்கம் பற்றியும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார். விதைப்பதாலும் ஈனுவதாலும் உயிர்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன, உலகமோ வரம்புடையது. உழவன் வேண்டிய பயிரை வளரவிட்டு மற்றதைக் களைகின்றான். தோட்டக்காரன் நல்ல கிளையை விட்டு மற்றதை வெட்டுகின்றான். தேனீக்களும் உழைக்காமல் உண்பவற்றைக் கொல்லுகின்றன. இயற்கையும் இவ்வாறே செய்கின்றது. ஆனால் தேர்ந்தெடுப்பதில்லை, இலையையும் கனியையும் ஒருசேர உதிர்க்கின்றது என்றார். மக்கட்பெருக்கம் குறித்து மால்தூஸ் எழுதியது 1798-இல். உயிரினத் தோற்றம் குறித்து டார்வின் எழுதியது 1859-இல். அவர்களின் கொள்கையை அல்பிரூனி முன்பே சொல்லிவிட்டார் என்று பெருமை பேசுவது பொருந்தாது. ஓர் உயிரினம் மற்றொன்றாக மாறுவது பற்றி அவர் பேசவில்லை. உற்றுநோக்கும் கண் அவருக்கு இருந்தது என்பதே உண்மை. அந்த உண்மையே அவருக்குப் போதுமான பெருமை.

அவரிடம் குறையே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. அவர் பழகியவர்கள் பெரிதும் நூல் கற்ற பண்டிதர்கள். எனவே உழவரும் நெசவாளரும் தம்மைப் பற்றி என்ன எண்ணினர் என்பது அவர் நூலில் இல்லை. பண்டிதரின் கண்வழியே அவர்களைக் கண்டார். இன்று மரபணு ஆய்வாளர்கள், மனித குலம் முழுதும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தது என்றும், எந்த இரு மனிதர்க்கிடையேயும் மரபணுவில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே என்றும் கூறுகின்றனர். ஒரே தந்தையின் மக்கள் என்று நம்பும் நமக்கு இது புதிதன்று. அம்மக்கள் பல்வேறு சமுதாயங்களாகப் பிரிந்தது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்பதை ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதுவோர் அறிவர். அந்த அறிதலைத் தம் வாழ்நாட் பணியாகவே ஆக்கிக் கொண்டவர் அல்பிரூனி.

இறுதி நாள்

சுல்தான் மஸ்ஊதின் பெயரால் அல்கானூனுல் மஸ்ஊதி என்னும் வானநூல் களஞ்சியத்தை அவர் இயற்றினார். அதற்குப் பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளியைச் சுல்தான் அனுப்பியதாகவும், தமக்குத் தேவையில்லையெனக் கூறி அவர் அதனைக் கருவூலத்துக்கே திருப்பியதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் எழுதுகின்றார். ரத்தினங்களைப் பற்றி ஒரு நூலும், முதுமையில் மருந்துப் பொருள்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் கையால் பிறந்தன. ஆண்டில் இரு பண்டிகை நாட்கள் தவிர மற்ற நாட்களில் எழுதுகோல் அவர் கையை விட்டும், சிந்தனை அவர் உள்ளத்தை விட்டும் நீங்கியதில்லை என்பர் பழைய வரலாற்று நூலோர்.

இந்நூல்களுள் சிலவற்றின் அரபு மூலங்கள் நம் நாட்டு ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனத்தால் அச்சிடப்பட்டன. ரத்தின நூல் 1936-இலும், மஸ்ஊதி 1954 முதல் 1956 வரையிலும், இந்திய நூல் 1958-இலும் அங்கு வெளியாயின. அதற்கு முன்பே ஜெர்மானிய அறிஞர் எட்வர்டு சகாவ், இந்திய நூலின் மூலத்தை 1887-இலும் ஆங்கில மொழிபெயர்ப்பை 1888-இலும் வெளியிட்டிருந்தார்.

முதுமை முதிர்ந்து, கண்ணும் செவியும் தளர்ந்து, கஜ்னியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தார். மூச்சுத் திணறிக் கொண்டிருந்த வேளையில் வல்வாலிஜி என்னும் சட்ட அறிஞர் அவரைக் காண வந்தார். முன்னொரு நாள் தாயின் வழிப் பாட்டிமாரின் சொத்துப் பங்கு பற்றி நீங்கள் சொன்ன கணக்கு எத்தகையது என்று அல்பிரூனி வினவினார். இந்த நிலையிலா இதனைக் கேட்பது என்று இரங்கினார் வந்தவர். அறியாதவனாக உலகை விட்டுச் செல்வதை விட, அறிந்தவனாகச் செல்வது மேலல்லவா என்பதே நோயாளியின் மறுமொழி. ஃபராயிழ் சட்டத்தின் அந்த நுட்பத்தை வல்வாலிஜி மீண்டும் விளக்கினார். அல்பிரூனி அதனை மனனம் செய்து திரும்பவும் ஒப்புவித்தார். விடைபெற்ற அறிஞர் தெருவில் கால் வைத்தபோது வீட்டினுள்ளிருந்து அழுகுரல் எழுந்தது. கி.பி. 1050-ஐ ஒட்டிய ஒரு நாளில் அந்த ஒளி அணைந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

உயிர் பிரியும் நேரத்திலும் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு கேட்டார் அவர். நாமோ பல தலைமுறைகளாக அடுத்த வீட்டில் வாழும் அயலவரின் நம்பிக்கை என்ன, துயரம் என்ன, நம்மைப் பற்றி அவர் எண்ணுவது என்ன என்பதை ஒரு நாளும் கேட்டறியாமலேயே, காதில் விழுந்ததைக் கொண்டு காலங் கழிக்கின்றோம். கூடுதுறையில் கலக்கும் இரு ஆறுகளும் ஒன்றையொன்று ஊர் விசாரித்துக் கலப்பதில்லை. இந்த ஜும்ஆ நாளிலேனும் நம் பிள்ளைகளுக்கு அல்பிரூனியின் வரலாற்றைச் சொல்லுவோம். கேள்விப்பட்டதை நம்பும் முன் நேரில் சென்று அறியும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பிப்போம். வல்ல அல்லாஹ் நமக்கு நல்லறிவை நல்குவானாக! ஆமீன்.